ஊசல் இறங்கிய தேவாலயம்: மியூன்ஸ்டர் நகரத்து நிகழ்வு ஆய்வு

ஏன் இந்தப் பதிவு

ஜெர்மனியின் மேற்கே வெஸ்ட்ஃபாலியா வட்டாரத்தில் இருக்கிறது மியூன்ஸ்டர் நகரம். அதன் பழைய நகர்ப் பகுதியில் உப்புத் தெரு என்று பொருள்படும் சால்ஸ்ஸ்ட்ராசெயில் பரோக் என்னும் 17–18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அலங்காரப் பாணியில் ஒரு தேவாலயம் நிற்கிறது. தொமினிக்கன் சபைத் துறவிகள் கட்டிய கோயில். 2017 நவம்பரில் அது வழிபாட்டு நிலையிலிருந்து முறைப்படி விடுவிக்கப்பட்டது. 2018 ஜூன் 17 அன்று அதே கூரையின் கீழ் ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரின் ஊசல் ஆடத் தொடங்கியது. இன்று அந்த இடம் ஒரே ஒரு படைப்புக்கான நிரந்தரக் கலைக்கூடம்.

கைவிடப்பட்ட தேவாலயத்தைக் கலைக்கூடமாக்கும் வேலை ஐரோப்பாவில் இப்போது ஊருக்கு ஊர் நடக்கிறது. பெரும்பாலும் கதை இப்படித்தான் போகும்: ஆள் வரவில்லை, கூரை ஒழுகுகிறது, யாரோ வாங்குகிறார்கள், சுவருக்கு வெள்ளையடித்துப் படம் மாட்டுகிறார்கள். மியூன்ஸ்டரில் நடந்தது அதிலிருந்து சற்று விலகியது. அங்கே எடுத்த முடிவுகளில் எது சரியாக வந்தது, எங்கே அவசரப்பட்டார்கள் என்பதைப் பழைய கட்டடங்களோடு பழகுகிற எவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

வரலாற்றில் பதிவான கட்டடக் கலைஞர், ஓவியர், அறிவியலாளர் முதலியோரின் பெயர்கள் மட்டுமே இதில் வருகின்றன. முடிவெடுத்த நகர்மன்றத்தார், குருக்கள், பொறியாளர்கள், அங்கே பூசைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் எவரையும் பெயரிடவில்லை.

பின்னணி: ஒரு கட்டடத்தின் பல பிழைப்புகள்

தேவாலயம் கட்டி முடிந்தது 1725இல். வடிவமைத்தவர் லாம்பர்ட் ஃபிரீட்ரிஷ் கோர்ஃபை. ஆயர் எனப்படும் பிஷப்பே ஆட்சியாளராகவும் இருந்த அந்தக் காலத்தில் அவருடைய படையில் பீரங்கிப் பிரிவு அதிகாரியாக இருந்தவர். போர்க்கணக்கும் கட்டடக் கணக்கும் ஒரே ஆளின் கையில் இருந்த காலம் அது. செங்கல்லும் மணற்கல்லும் கலந்த அந்த ஊர்ப் பாணியில் உடலை எழுப்பி, நடுவில் எண்கோணக் குவிமாடத்தை ஏற்றினார். பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் இந்தக் குவிமாடம்தான் காரணம் என்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

துறவிகளின் காலம் நூறு ஆண்டு தாங்கவில்லை. நெப்போலியன் காலத்து மாற்றங்களில் ஜெர்மனி முழுக்கத் திருச்சபைச் சொத்துகள் அரசின் கைக்குப் போயின. 1811இல் இந்த மடமும் கலைக்கப்பட்டது. மந்திரித்து அர்ச்சித்த கோயில் படைச் சாமான்களின் கிடங்கானது. 1880இல் நகராட்சி அதை வாங்கியது. பழுதுபார்த்து, பள்ளி மாணவர்களின் பூசைக்குத் திறந்துவிட்டார்கள். ஆக, ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு இந்தச் சுவர்கள் செபத்தையே கேட்கவில்லை.

பிறகு இரண்டாம் உலகப் போர். மியூன்ஸ்டரின் பழைய நகரம் குண்டுவீச்சில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. தேவாலயமும் தப்பவில்லை. திரும்பக் கட்டும் வேலை 1970கள் வரை இழுத்தது. அதன்பின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகச் சமூகத்தின் கோயிலாக அது இயங்கியது.

இந்த வரலாற்றில் இரண்டு செய்திகள் பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள உதவும். முதலாவது, 1880இலிருந்து கட்டடம் நகராட்சியின் சொத்து. ஆயரின் நிர்வாகமான மறைமாவட்டம் பராமரிக்க முடியாமல் விற்றுத் தீர்த்த கோயில் இல்லை இது. இரண்டாவது, 2017இல் நடந்தது முதல் இழப்பும் இல்லை. ஒரு முறை கிடங்காகி மீண்டது, ஒரு முறை இடிந்து மீண்டது. இப்படிப்பட்ட கட்டடத்தைப் பற்றிப் பேசும்போது "காலம் காலமாகக் கோயிலாக இருந்ததே" என்று சொல்வது உணர்வுக்குச் சரி, வரலாற்றுக்குச் சரியில்லை.

ஊர் எப்படிப்பட்டது

மியூன்ஸ்டர் பழுத்த கத்தோலிக்க நகரம். ஆயர் இருக்கை ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. முப்பதாண்டுப் போரை முடித்த 1648 உடன்படிக்கை இங்கே கையெழுத்தானது. பழைய நகருக்குள் கால்மணி நேரம் நடந்தால் பேராலயம், லாம்பர்ட்டி, லுட்கெரி, மார்ட்டினி என்று வரிசையாகக் கோயில்கள் வரும். தொமினிக்கன் தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே யோகான் கொன்ராட் ஷ்லாவ்ன் கட்டிய கிளெமன்ஸ் தேவாலயம் இருக்கிறது.

இந்த ஊருக்குக் கலையோடு ஒரு பழைய சண்டையும் உண்டு. 1970களில் ஜார்ஜ் ரிக்கி செய்த, காற்றில் சுழலும் மூன்று சதுரங்கள் கொண்ட சிற்பத்தை நகருக்கு வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது மக்கள் கொதித்தார்கள். வரிப்பணத்தில் இதை வாங்குவதா என்று கேட்டார்கள். அந்தக் கோபத்துக்குப் பதிலாகத் தொடங்கியதுதான் 1977இன் சிற்பக் கண்காட்சி. முதலில் மக்களுக்கு விளக்க உரைகள், பிறகு ஊரெங்கும் சிற்பங்கள். அந்த ஆண்டு கிளேஸ் ஓல்டன்பர்க் ஏரிக்கரையில் வைத்த மூன்று பெரிய கான்கிரீட் உருண்டைகளைத் தண்ணீரில் உருட்டிவிடக் கூட்டம் சேர்ந்தது. இன்று அதே உருண்டைகள் ஊரின் அடையாளம். குடும்பத்தோடு போய் அதன் நிழலில் உட்காருகிறார்கள். கண்காட்சி 10 ஆண்டுக்கு ஒரு முறை என்று நிலைத்துவிட்டது: 1987, 1997, 2007, 2017.

அசைகிற ஒரு சிற்பத்தை எதிர்த்த ஊர், 40 ஆண்டு கழித்து அசைகிற இன்னொரு படைப்பைத் தேவாலயத்துக்குள் ஏற்றுக்கொண்டது. நடுவில் அந்த ஊர் கற்றுக்கொள்ளச் செலவிட்ட காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்தப் பின்னணி இல்லாத ஊரில் இதே முடிவை எடுத்தால் இதே விளைவு வரும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

முடிவுக்கு முந்தைய நிலை

2017இல் ஜெர்மனி முழுவதையும் எடுத்துக்கொண்டால், கத்தோலிக்கர்களில் ஞாயிறு பூசைக்குப் போனவர்கள் 10 விழுக்காட்டுக்கும் கீழே. 1950இல் ஏறத்தாழ பாதிப் பேர் போய்க்கொண்டிருந்தார்கள். கோயில்கள் நெருக்கமாக இருக்கிற நகரத்து நடுவில் இந்தச் சரிவு இன்னும் கூர்மையாகத் தெரியும். ஒரு தெரு தள்ளி இன்னொரு கோயில் திறந்திருக்கும்போது, பங்கு மக்கள் என்று சொல்ல வீடுகள் சுற்றி இல்லாத ஒரு பல்கலைக்கழகக் கோயிலுக்கு ஆள் சேர்ப்பது கடினம்.

கட்டடத்தின் கையிருப்பு வேறு விதமானது. உயரமான, தூண்கள் மறிக்காத நடுப்பகுதி. மேலே எண்கோணக் குவிமாடம். முதன்மைப் பீடம் இருந்த இடத்தில் இருந்தது. கடைத்தெருவின் நடுவில் இருந்தும் உள்ளே போனால் தெருச் சத்தம் அடங்கிவிடும். உயரம், அசையாத கல்லுடம்பு, அடங்கிய காற்று: இந்த மூன்றும் ஒரு குறிப்பிட்ட பொருளுக்குத் தேவைப்படுபவை.

முதல் முடிவு: வழிபாட்டை முறைப்படி முடித்தல்

கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு கோயிலை மூடுவது கதவைப் பூட்டுவதோடு முடிவதில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1222ஆம் விதி இதற்கு வழி சொல்கிறது. கட்டடத்தை வழிபாட்டுக்குப் பயன்படுத்தவே முடியாது, சீரமைக்கவும் வழியில்லை என்றாலோ, வேறு கனமான காரணம் இருந்தாலோ, ஆயர் அதைப் பொதுப் பயன்பாட்டுக்கு விடலாம். இரண்டாவது காரணத்தைக் காட்டினால் அவர் குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். உரிமை உள்ளவர்களின் ஒப்புதலையும் பெற வேண்டும். எந்த நிலையிலும் அந்தப் பயன்பாடு இழிவானதாக இருக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை சின்ன வாக்கியம்தான், ஆனால் வாங்க வருகிற பாதிப் பேரை அது வாசலிலேயே நிறுத்திவிடும்.

இப்படியான கடைசிப் பூசையில் வழக்கமாக நடப்பது இது. ஆயரின் ஆணை வாசிக்கப்படும். பீடத்தில் பதித்திருக்கும், புனிதர்களின் எச்சங்களான திருப்பண்டங்கள் எடுக்கப்படும். அர்ச்சித்த அப்பமான நற்கருணையை வைக்கும் பேழை காலியாக்கப்பட்டு, நற்கருணை பவனியாக வேறு கோயிலுக்குப் போகும். அணையா விளக்கை அணைப்பார்கள். அங்கே திருமணம் செய்தவர்களுக்கும், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்களுக்கும் அந்த விளக்கு அணையும் நொடி எப்படியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. சொத்து நகராட்சியுடையதாக இருந்தும் இந்த முறையைத் தாண்டிப் போகாமல் 2017 நவம்பரில் அதை முடித்த பிறகே கட்டடத்தை மாற்றியது சரியான முடிவு. சட்டப்படி சொத்து யாருடையது என்பதும், அந்த இடம் யாருக்கு என்னவாக இருந்தது என்பதும் இரு வேறு கேள்விகள்.

இரண்டாவது முடிவு: ஒரே படைப்பு, நிரந்தரமாக

காலியாகும் கோயிலை என்ன செய்வது என்பதற்கு அக்கம்பக்கத்திலேயே மாதிரிகள் இருந்தன. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் இன்னொரு தொமினிக்கன் தேவாலயம், சைக்கிள் நிறுத்தும் இடமாகக்கூட இருந்துவிட்டு, புத்தகக் கடையானது. நடுக்கூடத்தில் பல அடுக்கு இரும்பு அலமாரி எழுந்தது. பெர்லினில் வெர்னர் டியூட்மான் 1960களில் கட்டிய கான்கிரீட் கோயிலான புனித ஆக்னெஸ் தனியார் கலைக்கூடமாகி 2015இல் திறந்தது; உயரமான நடுக்கூடத்தின் குறுக்கே ஒரு தளத்தை நுழைத்து, மேலே கண்காட்சி, கீழே மற்ற வேலைகள் என்று பிரித்தார்கள். இரண்டும் நேர்மையான, திறமையான வேலைகள். ஆனால் இரண்டிலும் கட்டடத்தின் வெறும் கொள்ளளவு பயன்பட்டது. பரப்பு வேண்டியிருந்தது, பரப்பை உண்டாக்கினார்கள்.

மியூன்ஸ்டரில் ரிக்டர் நகரத்துக்கு ஒரு படைப்பைக் கொடையாகக் கொடுக்க முன்வந்தார். பூமியின் சுழற்சியைக் காட்டும் ஃபூக்கோ ஊசல் ஒன்று, அதன் இருபுறமும் சாம்பல் நிறக் கண்ணாடிகள். நகராட்சி அதை ஏற்றுக்கொண்டு, கட்டடத்தைத் தயார் செய்தது. மாறி மாறிக் கண்காட்சி நடத்தும் கூடமாக்காமல், இந்த ஒரு படைப்புக்கே இடத்தை ஒதுக்கினார்கள்.

ரிக்டர் 1932இல் டிரெஸ்டனில் பிறந்தவர்; 1961இல் கிழக்கு ஜெர்மனியை விட்டு மேற்கே வந்தவர். சாம்பல் நிறமும் கண்ணாடியும் அவர் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பத் தொட்ட பொருள்கள். தேவாலயத்துக்குள் வேலை செய்வதும் அவருக்குப் புதிதில்லை. 2007இல் கொலோன் பேராலயத்தின் தெற்குச் சாளரத்துக்கு 72 வண்ணங்களில் 11,000க்கும் மேற்பட்ட சதுரக் கண்ணாடிகளை அவர் வடிவமைத்தார். புனிதர் உருவம் ஒன்றுகூட இல்லாத அந்தச் சாளரத்தை அப்போதைய பேராயர் வெளிப்படையாகவே விரும்பவில்லை. வழிபாடு நடக்கும் கோயிலில் சாளரம், வழிபாடு முடிந்த கோயிலில் ஊசல். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அவர் தேவாலயங்களை எவ்வளவு மதித்து அணுகினார் என்பது புரியும்.

ஊசலுக்கும் கோயிலுக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. பூமி தன்னைத் தானே சுற்றுவதைக் கண்ணால் பார்க்க வைக்க லெயோன் ஃபூக்கோ 1851 மார்ச்சில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ உருண்டையைத் தொங்கவிட்ட இடம் பாரிசின் பாந்தெயோன். அது புனித ஜெனவியேவுக்குக் கோயிலாகக் கட்டப்பட்டு, புரட்சியில் பெரியோர்களின் கல்லறை மண்டபமாக மாறியது. பாரிசில் ஃபூக்கோ ஊசலைக் காட்டும் இன்னொரு இடமான தொழில்நுட்ப அருங்காட்சியகமும் ஒரு பழைய மடத்துக் கோயில்தான். இன்னும் பின்னே போனால், 1655இல் வானியலாளர் கசீனி இத்தாலியின் பொலோன்யா நகரத்துப் புனித பெத்ரோனியோ கோயிலின் தரையில் சூரியனை அளக்கும் கோட்டைப் பதித்தார். கூரையில் ஒரு துளை, தரையில் ஒரு கோடு, கோயிலே கருவி. பூமி சுற்றுகிறது என்றதற்காகக் கலிலேயோவுக்குத் திருச்சபையின் தீர்ப்பு வந்து 22 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

இதனால்தான் "விஞ்ஞானத்தைக் கொண்டுவந்து கோயிலுக்குள் வைத்து மதத்தைத் தோற்கடித்துவிட்டார்கள்" என்ற வாசிப்பை நான் ஏற்பதில்லை. உயரத்தையும் நிசப்தத்தையும் கட்டியவர்கள் கோயில் கட்டியவர்கள். அளக்க வந்தவர்கள் அவர்களிடம்தான் வந்தார்கள்.

மூன்றாவது முடிவு: எதைத் தொடாமல் விடுவது

பீடத்தை எடுக்கவில்லை. சுவர்களை மறைத்துப் புதுச் சுவர் எழுப்பவில்லை. நடுவே தளம் நுழைக்கவில்லை. குவிமாடத்தின் உயரம் முழுதும் அப்படியே விடப்பட்டது, ஏனென்றால் படைப்புக்கு அது வேண்டும். பழைய கட்டடத்தைக் காப்பாற்றுவதற்கு இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரியவில்லை. விதிமுறை போட்டுக் காப்பாற்றினால் பத்து ஆண்டில் எவராவது விதிவிலக்குக் கேட்டு வருவார்கள். உள்ளே இருக்கும் பொருள் அந்த உயரம் இல்லாமல் இயங்காது என்றால் உயரத்தில் கைவைக்க எவரும் நினைக்க மாட்டார்கள்.

வேலை: கம்பி, உருண்டை, கண்ணாடி

குவிமாடத்திலிருந்து 28.75 மீட்டர் நீளக் கம்பி இறங்குகிறது. அதன் நுனியில் 48 கிலோ எடையும் 22 சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட உலோக உருண்டை. கீழே வட்டமான கல்தளம்; அதன் விளிம்பில் பாகைக் கோடுகள். ஊசலின் இருபுறமும் எதிரெதிரே இரண்டிரண்டாக நான்கு கண்ணாடிப் பலகைகள், ஒவ்வொன்றும் 6 மீட்டர் உயரம், 1.34 மீட்டர் அகலம். படைப்பின் பெயர் இதை அப்படியே சொல்கிறது: ஓர் ஊசலுக்கு இரண்டு சாம்பல் இரட்டைக் கண்ணாடிகள். இயற்பியல் பக்கத்துக்கு ஊரின் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் துணை நின்றார்கள்.

கேட்க எளிமையாக இருந்தாலும் ஊசல் கோபக்காரப் பொருள். காற்றின் தடை ஒவ்வோர் ஆட்டத்திலும் கொஞ்சம் விசையைத் தின்றுவிடும். எனவே நாள் முழுக்க ஆட வேண்டுமானால் மின்காந்தம் ஒன்று சரியான நொடியில் மெல்லத் தூண்ட வேண்டும். தூண்டல் துளி பக்கவாட்டில் போனாலும் நேர்க்கோட்டு ஆட்டம் நீள்வட்டமாகிவிடும். நீள்வட்டமானால் தளம் திரும்பும் வேகம் பொய் சொல்லும். குளிர்காலத்துக்கும் கோடைக்கும் இடையில் உள்ளே 10 பாகை வெப்ப வேறுபாடு வந்தால், இவ்வளவு நீள எஃகுக் கம்பி சில மில்லிமீட்டர் அளவுக்கு நீளும் அல்லது சுருங்கும். உருண்டைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி அதற்கேற்ப மாறும். கதவு திறந்து மூடும் காற்றும் கணக்கில் வரும். ஒரு கலைப் பொருளை ஏற்றுக்கொள்ளும் நகராட்சி, உண்மையில் ஓர் இயந்திரத்தையும் அதன் பராமரிப்பாளையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறது.

கிட்டே போய்ப் பார்த்தால்

உருண்டை ஒரு பக்கம் போய்த் திரும்பி வர 11 நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். கடைத்தெருவிலிருந்து வருகிறவரின் மூச்சைவிட அது மிக மெதுவானது. முதல் ஒன்றிரண்டு நிமிடம் எதுவும் நடக்காததுபோல் தோன்றும். உருண்டை போகும், விளிம்பில் ஒரு கணம் தயங்கி நிற்கும், திரும்பும். சத்தமே இல்லை.

பிறகு கண்ணாடி தன் வேலையைத் தொடங்கும். சாம்பல் பலகையில் உருண்டை மங்கலாகத் தெரியும். அதன் பின்னே எதிர்ப் பலகையின் பிம்பம். அதற்குள் இன்னொரு உருண்டை. வெள்ளைச் சுவர், சாளரத்து ஒளி, பார்க்க வந்தவரின் கோட்டு, பக்கத்தில் நிற்கும் குழந்தையின் கை, எல்லாமே அதில் நிறம் வடிந்து நிற்கும். நெடிய பலகையாதலால் நம் உருவம் அடியில் ஓர் ஓரமாகத்தான் தெரியும். மேலே வெறும் உயரம். பக்கம் மாறி நின்றால் இரட்டைப் பலகைகளுக்கு நடுவே பிம்பம் அறுந்து, இரண்டாகி, மறுபடி சேரும்.

மியூன்ஸ்டர் இருக்கும் அகலாங்கில் ஊசலின் ஆட்டத் தளம் மணிக்கு 12 பாகைக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பும். முழுச் சுற்று வர 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். துருவத்தில் இதற்கு ஒரு நாள் போதும், நிலநடுக்கோட்டில் திரும்பவே திரும்பாது. ஊசல் திரும்புவதுபோல் நமக்குத் தெரிவதற்குக் காரணம் பூமியின் சுழற்சிதான். அதன் கீழே கல்தளமும் பீடமும் நின்று பார்க்கிற மனிதரும் உப்புத் தெருவும் சேர்ந்து திரும்புகிறார்கள். ஒரு மணி நேரம் பொறுமையாக இருப்பவருக்கு இது பாகைக் கோட்டில் கண்ணுக்கே தெரியும். பூசை நேரத்தின் அளவும் ஏறத்தாழ ஒரு மணிதான் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தக் கூரையின் கீழ் ஒரு மணி நேரம் அமைதியாக இருப்பதற்கு இப்போதும் ஒரு காரணம் இருக்கிறது.

பின்விளைவு

பூட்டியே கிடந்திருக்கக்கூடிய ஒரு கோயிலுக்குள் இன்று பார்வையாளர்கள் தொடர்ந்து வருகிறார்கள். மத நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் ஒரே வாசல் வழியாக நுழைகிறார்கள். பரோக் பீடத்தை அதற்கு முன் ஏறெடுத்தும் பார்த்திராதவர்கள் ஊசலின் பின்னணியில் அதைப் பார்க்கிறார்கள். உள்ளூர்ப் பள்ளிகளுக்கு இயற்பியலையும் கலையையும் ஒரே இடத்தில் காட்ட இதைவிட நல்ல கூடம் கிடைக்காது.

கோயிலாகவே வைத்திருந்திருக்க வேண்டும் என்பவர்களின் வருத்தத்தை இது தீர்க்காது, தீர்க்கவும் கூடாது. ஆள் குறைவு என்பதே ஒரு கோயிலை விட்டுவிடப் போதுமான காரணமா என்ற கேள்வி நியாயமானது. குறைவாக வந்தவர்களும் வந்தவர்கள்தானே. இந்தக் கேள்வி ஐரோப்பாவெங்கும் பெருகியதால்தான் 2018 நவம்பர் இறுதியில் ரோமில் வத்திக்கானின் பண்பாட்டு மன்றம் கைவிடப்படும் கோயில்களைப் பற்றியே ஒரு மாநாடு கூட்டி வழிகாட்டு நெறிகளைப் பேசியது. மியூன்ஸ்டரில் விளக்கு அணைந்து ஓராண்டு கழித்து.

திரும்பச் செய்வதானால்

முதலில் காலத்தை மாற்றுவேன். விடுவிப்புக்கும் திறப்புக்கும் இடையில் ஏழு மாதங்கள்தான். கட்டட வேலைக்கு அது போதும். ஒரு சமூகம் விடைபெற்று மீளப் போதாது. கடைசிப் பூசைக்கும் முதல் பார்வையாளருக்கும் நடுவே ஓராண்டாவது கட்டடத்தை வெறுமனே திறந்து வைத்திருக்கலாம். உட்கார நாற்காலிகள், எரியும் மெழுகுவர்த்தி, வேறொன்றும் வேண்டாம். வந்தவர்கள் தங்கள் நினைவுகளைச் சொல்ல, யாராவது அதை எழுதி வைத்துக்கொள்ள. கொடை என்ற சொல் வந்துவிட்டால் எல்லோருக்கும் அவசரம் வந்துவிடுகிறது. பெரிய கலைஞர் ஒருவர் கையில் வைத்து நீட்டும்போது "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்ல நகர்மன்றங்களுக்குத் துணிவு வேண்டும்.

இரண்டாவது, பராமரிப்பு. பாரிசின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் 2010இல் கம்பி அறுந்து ஃபூக்கோ காலத்து உருண்டை தரையில் விழுந்து சிதைந்தது. ஒன்றரை நூற்றாண்டைக் கடந்து வந்த பொருள் ஒரே நொடியில் போனது. இப்படிப்பட்ட படைப்பை ஏற்கும் நகரம், கம்பியை எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது, கண்ணாடி உடைந்தால் எந்தச் சாம்பல் நிறத்தில் மறுபடி செய்வது, ஓவியரின் காலத்துக்குப் பிறகு அதை முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு என்பதையெல்லாம் ஏற்பு ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். பணத்தையும் அன்றைக்கே தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

மூன்றாவது, கட்டடத்தின் முழுக் கதையையும் உள்ளேயே சொல்ல வேண்டும். துறவிகள், படைக் கிடங்கு, பள்ளிப் பிள்ளைகள், குண்டு, மாணவர்கள், ஊசல் என்று எல்லாமே. ஊசலைப் பார்க்க வருகிறவருக்கு, தான் நிற்பது கதையின் எத்தனையாவது அதிகாரம் என்று தெரிய வேண்டும்.

திரும்பும் வழியை அடைக்காமல் விட்டதை மட்டும் மாற்ற மாட்டேன். பாரிசில் 1851 டிசம்பரில் ஆட்சி மாறியதும் பாந்தெயோன் மறுபடி திருச்சபைக்குக் கொடுக்கப்பட்டது. ஊசல் நின்றது, கட்டடம் கோயிலானது, 1885இல் விக்தர் ஹியூகோவின் அடக்கத்தோடு மீண்டும் கல்லறை மண்டபமானது. மியூன்ஸ்டரிலும் பீடம் தன் இடத்தில் இருக்கிறது. குவிமாடத்துக் கொக்கியிலிருந்து கம்பியைக் கழற்றி, நான்கு கண்ணாடிகளை இறக்கி, கல்தளத்தை எடுத்துவிட்டால், 2017 நவம்பரில் எந்தக் கோயிலின் விளக்கை அணைத்தார்களோ அதே கோயில் அங்கே நிற்கும்.